வன்னியில் பனிக்காலச் சைக்கிள் ஓட்டம்: எந்தப் பாதை, எந்த நேரம்?

கரடிப்போக்கு | தை (ஜனவரி) 11, இரவு 8:15

எல்லாருக்கும் வணக்கம். மழை ஓய்ந்துவிட்டது. விடியப்புறம் போர்வையை விட்டு எழும்ப மனம் வராத குளிர். ஏழு மணிக்கு நல்ல வெயில், ஆனால் பத்து மணி வரையும் அந்த வெயில் சுடாது. வன்னியில் இப்படியான காலம் தையும் மாசியும் மட்டும்தான். பங்குனி பிறந்தால் காலையிலேயே தார் கொதிக்கத் தொடங்கிவிடும். அதனால் இப்போதே கேட்டுவைக்கிறேன்: ஆறுதலாகச் சைக்கிள் ஓட உங்கள் பக்கத்தில் எந்தப் பாதை நல்லது?

உடம்பு குறைக்கும் எண்ணமும் இல்லை, யாரையும் முந்தும் எண்ணமும் இல்லை. பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகம். நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் வழக்கமாகப் போவது பன்னங்கண்டி, வட்டக்கச்சி, பிறகு வாய்க்கால் கரையோடு இராமநாதபுரம். ஒரு பக்கம் இரணைமடுத் தண்ணீர், மற்றப் பக்கம் கதிர் வெளிவராத குடலைப் பருவத்து நெல். வாய்க்காலில் இருந்து மெல்லிய ஆவி எழும்பும். வரம்பில் கொக்குகள் தோளுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு வெயிலுக்காகக் காத்து நிற்கும். வாகனம் என்று பார்த்தால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பால் கான் கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றிரண்டு.

ஏ9 வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். அதில் சைக்கிளுக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம். இரவுப் பஸ் முந்தும்போது ஹான்டில் தானாக ஆடும்.

ஒரு சின்னக் கரைச்சல். வழியில் காண்கிற எல்லாரும் "எங்கை போறியள்?" என்று கேட்கிறார்கள். "சும்மா" என்று சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. அண்மையில் ஒரு ஐயா சைக்கிளை நிறுத்தி, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ தம்பி?" என்று கேட்டுவிட்டார்.


பழைய_றலி | தை 11, இரவு 9:02

தம்பி, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

எங்கள் காலத்தில் சைக்கிள் என்றால் பாரம். 1990இல் போரால் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. நெல் மூட்டை, விறகு, தென்னோலை, காய்ச்சல்காரர், கலியாணப் பெண் எல்லாம் சைக்கிளில்தான். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ கதைக்கும். முக்கியமான செய்தி வருகிற நேரம் பார்த்துச் சுற்றுகிறவனுக்குக் கை சோரும், சத்தம் இறங்கும், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அவனைப் பேசுவார்கள். இதைப் பார்த்த சனத்திடம் போய் "சும்மா ஓடுகிறேன்" என்றால் எப்படி விளங்கும்? 2022இல் எரிபொருள் இல்லாமல் போக, தென்பகுதியிலும் சனம் சைக்கிளுக்கு அடிபட்டது, விலை எங்கேயோ போனது. எங்களுக்கு அது படித்து முடித்த பாடம்.

குறை சொல்ல வரவில்லை. நானும் தினமும் வயலுக்கு ஓடுகிறேன். ஒரு விசயம் சொல்கிறேன், கேளும். இப்போது வாடைக்காற்று, வடகிழக்கில் இருந்து வரும். விடியும்போது காற்றே இராது, இலையும் ஆடாது. வெயில் ஏற ஏறத்தான் காற்றும் ஏறும். ஆகையால் போகும்போது வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் போம். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக் கொண்டுவந்து விடும். மறுவளமாகப் போனால் களைத்து வருகிற நேரத்தில் நெஞ்சில் வாங்க வேண்டிவரும். தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காலத்தில் இதை அப்படியே திருப்பிப் பிடியும்.


ஒட்டுக்கடை | தை 11, இரவு 9:20

ஐயாவின் காற்றுக் கணக்கு நூற்றுக்கு நூறு சரி.


முத்தையன்கட்டு | தை 12, காலை 6:48

நல்ல இழை. நான் கமக்காரன், ஒட்டுசுட்டான் பக்கம். எங்கள் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் யானையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இப்போது காலபோக (மாரிமழைப் போக) நெல் பால் பிடிக்கிற நேரம். அந்த மணத்துக்கு யானை காட்டை விட்டு இறங்கும். நாங்கள் பரணில் கிடந்து வெடி போடுகிறோம். வெடிக்குக் கலைந்த யானை விடிய முதல் காட்டுக்குத் திரும்பும், திரும்பும் வழியில்தான் நீங்கள் சைக்கிளில் வருவீர்கள். புகாரில் (பனிமூட்டத்தில்) படம் எடுக்கலாம் என்று ஐந்தரைக்கு வெளிக்கிடுகிற தம்பிமார் கவனியுங்கோ. இப்போது சூரியன் உதிக்கவே ஆறரை ஆகிறது. வெயில் தரையில் விழுந்த பிறகு, ஊர்ச்சனம் ஒன்றிரண்டு பேர் அந்த வழியால் வந்த பிறகு வாருங்கோ. பின்னேரம் ஐந்து மணிக்குள் காட்டு ரோட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ரோட்டில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் கிட்டப் போய்ப் பாருங்கோ. காய்ந்து வெளுத்திருந்தால் பழையது. ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால் சைக்கிளைத் திருப்புங்கோ. சைக்கிளில் ஒரு ஆபத்து இருக்கிறது: சத்தமே இல்லை. மோட்டார் சைக்கிள் வருவது யானைக்குத் தூரத்திலேயே தெரியும். நீங்கள் வளைவில் திரும்பும்போதுதான் அதுவும் உங்களைக் காணும். வளைவுக்கு முதல் பெல் அடியுங்கோ, இல்லாவிட்டால் பாட்டுப் பாடுங்கோ.

இதெல்லாம் சொல்லிப் பயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். முத்தையன்கட்டு வாய்க்கால் ரோட்டு அவ்வளவு வடிவு. இன்னொன்று, வாய்க்கால் ரோட்டில் ஏன் களைக்காது தெரியுமோ? தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக அந்தத் தரையை மட்டம் பார்த்து, மைலுக்குச் சில அங்குலம் மட்டும் இறங்கும்படி வெட்டியிருப்பார்கள். கரையோடு போகிற பாதையும் அதே மட்டம். மேட்டை வாய்க்கால் சுற்றிப் போகும், நீங்களும் சுற்றிப் போவீர்கள். தூரம் கூடும், ஏற்றம் இராது. முழங்கால் வருத்தக்காரருக்கு இதைவிட நல்ல ரோட்டு வன்னியில் இல்லை.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, கற்சிலைமடுவுக்கு ஓடலாம். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803இல் ஆங்கிலேயரிடம் தோற்ற இடம் என்று சொல்லும் நினைவுக்கல் அங்கேதான் இருக்கிறது. நிழலும் உண்டு.


கியர்_பொடியன் | தை 12, காலை 10:11

வாய்க்கால் கரை நல்லதுதான், ஆனால் கிரவலில் ஓடி றிம் நெளிந்தால் யார் காசு தருவது? நான் வவுனியா. எனக்கு ஏ9இல் மாங்குளம் வரை போய்வந்தால்தான் சைக்கிள் ஓடியதாக இருக்கும். மெதுவாக ஓடுவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? ஏறி மிதித்தால் போகிறது.


கரடிப்போக்கு | தை 12, மத்தியானம் 12:40

தம்பி, உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் ஓடுங்கள், அதற்கு வேறு இழை தொடங்கலாம். ஆனால் வாகனம் முந்துகிற ரோட்டில் கண் முழுக்கப் பின்னால்தான் இருக்கும். வயலைப் பார்க்க முடியாது, பக்கத்தில் ஆளை வைத்துக் கதைக்க முடியாது.

றலி ஐயாவுக்கு ஒரு கேள்வி. காற்றுக் கணக்குப்படி காலையில் கிழக்கே போக வேண்டும். ஆனால் பரந்தன் முல்லைத்தீவு வீதி கிழக்குப் பார்த்த வீதி. காலையில் போனால் வெயில் நேரே கண்ணுக்குள். எனக்குக் கண் கூசினால் பரவாயில்லை, தொப்பியை இறக்கலாம். பின்னால் வருகிற மணல் டிப்பர்காரனுக்கும் அதே வெயில்தானே? அவனுக்கு நான் தெரிய மாட்டேன்.


பழைய_றலி | தை 12, இரவு 7:30

நல்ல கேள்வி. ஏ35இல் (அந்தப் பரந்தன் முல்லைத்தீவு வீதியில்) காலையில் கிழக்கே போக வேண்டாம், அதுவும் ஏழில் இருந்து எட்டரை வரை. நான் சொன்னது வாய்க்கால் கரைக்கும் ஊர் ஒழுங்கைக்கும். அங்கே டிப்பர் இல்லை. பெரிய வீதிக்கு ஏறத்தான் வேண்டும் என்றால் காற்றை மற, உயிரைப் பார்.

இன்னொன்று சொல்கிறேன். காலையில் குளிர் எல்லா இடத்திலும் ஒரே அளவு இராது. முகில் இல்லாத இரவில் தரைச்சூடு எல்லாம் வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்தில் போய்த் தங்கும். வயல் பள்ளத்துக்கு இறங்கும்போது தொடையில் சுரீர் என்று பிடிக்கும். மேட்டுக்கு ஏறிக் காட்டோரம் வந்தால் ஒரு இளஞ்சூடு. நடந்து போகிறவனுக்கு இது பெரிதாகத் தெரியாது, மோட்டார் சைக்கிள்காரனுக்கு எல்லாம் ஒரே குளிர். சைக்கிள்காரனுக்குத்தான் தெரியும். நெஞ்சுக்குக் குளிராமல் இருக்கச் சேட்டுக்கு உள்ளே பழைய பேப்பர் ஒரு தாளை வையும். வெயில் ஏறினதும் எடுத்து, அதில் வடை சுற்றலாம்.


அடம்பன்_அக்கா | தை 12, இரவு 9:15

ஐயாவின் பேப்பர் வைத்தியத்தை நாளைக்கே செய்து பார்க்கிறேன், வடை உட்பட.

"எங்கை போறியள்" கேள்விக்கு என்னிடம் மருந்து இருக்கிறது தம்பி. ஏதாவது ஒரு அலுவலை வைத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். நானும் அயல்வீட்டுப் பிள்ளையும் சனிக்கிழமைகளில் ஓடுகிறோம். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நாங்கள் எல்லாரும் சைக்கிள்தான். ஆசிரியை, தாதி, சமுர்த்தி உத்தியோகத்தர் என்று வேலைக்குப் போகிற பெண்கள் ஓடினால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. நாற்பது வயதுப் பெண் இரண்டு பேர் காரணம் இல்லாமல் ஓடினால்தான் சனத்துக்கு நித்திரை வராது. எனவே ஒரு தயிர்ச்சட்டி வாங்கப் போகிறோம். தயிர்க்காரம்மா வீடு போக வர நல்ல தூரம். பக்கத்துக் கடையிலும் தயிர் இருக்கிறது, அது எங்களுக்கும் கடைக்காரருக்கும் தெரியும்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை, அலுவல் ஒன்று இருந்தால் சவாரிக்கே ஒரு உருவம் வருகிறது. அந்த அம்மா வீட்டில் இருந்து கதைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், மாட்டைப் பார்க்கலாம். திரும்பும்போது சட்டி உடையக் கூடாது என்பதால் வேகமாக ஓடவும் முடியாது. கரியரில் சாக்கை மடித்து வைத்து, பழைய ரியூபால் இறுக்கிக் கட்டினால் தயிர் ஆடாது.

எங்கள் மன்னார்ப் பக்கம் வருகிறவர்களுக்கு: கட்டுக்கரைக்குளத்தை விட்டுவிடாதீர்கள். தேக்கம் அணைக்கட்டில் மறித்த அருவி ஆற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற குளம். இந்த மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகள் நிறைய நிற்கும், பங்குனிக்குப் பிறகு குறைந்துவிடும். வலசைப் பறவை இன்னும் பார்க்க வேண்டும் என்றால் வங்காலை. 2010இல் ராம்சார் (உலக முக்கியத்துவமுள்ள) ஈரநிலமாக அறிவித்த இடம். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம் காணலாம். அடம்பனில் இருந்து வயல் நடுவால் திருக்கேதீஸ்வரம் போய், பாலாவியில் கால் கழுவிவிட்டு வருவது எனக்குப் பிடித்த ஓட்டம்.

ஒரு எச்சரிக்கை. முருங்கன் பக்கத்து மண் கறுத்த களி. முதல்நாள் மழை பெய்திருந்தால் ஒழுங்கைக்குள் இறங்கவே வேண்டாம். பத்து யார் போவதற்குள் ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களி இறுகிச் சில்லு சுற்றாது. தடியால் கிண்டி எடுத்தால் அடுத்த பத்து யார். கிளிநொச்சிச் சிவப்பு மண்காரருக்கு இந்தக் கரைச்சல் தெரியாது.


ஒட்டுக்கடை | தை 13, காலை 7:05

களி எவ்வளவோ மேல் அக்கா. எனக்குச் சோறு போடுவது நெருஞ்சி முள்.

மழை விட்டு ஒரு மாதத்தில் வரம்போரம் எல்லாம் நெருஞ்சி படர்ந்துவிடும். மஞ்சள் பூவைக் கண்டால் சைக்கிளை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டாம், நிழல் இருந்தாலும். முள் குத்தினால் காற்று உடனே போகாது. கால் மணித்தியாலம் கழித்து, அடுத்த ஊரில்தான் போகும்.

ரியூபுக்கு ஒட்டுப்போட்டுவிட்டு அப்படியே ரயருக்குள் திணிக்கிறார்கள், திரும்பவும் காற்றுப் போகிறது, ஒட்டுச் சரியில்லை என்று கடைக்காரனைப் பேசுகிறார்கள். முள் ரயருக்குள்ளேயே இருக்கிறது. துணியை விரலில் சுற்றி ரயரின் உட்பக்கம் முழுவதும் தடவுங்கள். துணி மாட்டுகிற இடத்தில் முள் நிற்கும். வெளியில் தலை முறிந்து, உள்ளே நகநுனி அளவு நீட்டிக்கொண்டிருக்கும். குறட்டால் உள்ளிருந்து இழுக்க வேண்டும். பிறகு ஒட்டு: ஓட்டையைச் சுற்றி உரஞ்சுதாளால் உரஞ்சி, சொலுசன் பூசி, பொறுத்திருங்கள். பளபளப்புப் போய், விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற பதத்தில்தான் ஒட்டுத்துண்டை அமத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

நெருஞ்சி ஊர்க்காரர் செய்கிற வேலை ஒன்று: பழைய ரியூபை நீட்டாக வெட்டி, ரயருக்கும் ரியூபுக்கும் நடுவில் படுக்க வைப்பது. கொஞ்சம் பாரம் கூடும். ஆறுதலாக ஓடுகிறவருக்கு அது பொருட்டில்லை.

செயினுக்கு எஞ்சின் ஒயில் ஊற்றாதீர்கள். கிரவல் தூசி அதில் ஒட்டி அரைக்கும். தையல் மெசின் ஒயில் துளித்துளியாக விட்டு, பிறகு துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியில் தெரிகிற ஒயில் தூசிக்குத்தான்.


கியர்_பொடியன் | தை 13, காலை 9:30

சரி, நானும் ஏதாவது பிரயோசனமாகச் சொல்கிறேன். இங்கே முக்கால்வாசிப் பேர் சீற்றைப் பதித்து வைத்து ஓடுகிறார்கள், அதுதான் முழங்கால் வலிக்குக் காரணம். சீற்றில் இருந்து, பெடல் அடிக்கு வரும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. கிரவலுக்குப் போகும்போது ரயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், கை உதறாது. அதிகம் குறைத்தால் கல்லில் அடிபட்டு ரியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

யானை விசயம் எனக்குத் தெரியாது. நன்றி அண்ணை.


மொன்றியல்_மல்லாவி | தை 13, இரவு 11:50

இழையை முழுக்க வாசித்தேன். மாசியில் ஊருக்கு வருகிறேன், பிள்ளைகளோடு. நீங்கள் குளிர் குளிர் என்று சொல்வதை இங்கே பனிக்கட்டிக்கு நடுவில் இருந்து வாசிக்கச் சிரிப்பு வருகிறது, 20 பாகை எங்களுக்குக் கோடை! சின்ன வயதில் வவுனிக்குளம் கட்டில் ஓடியது ஞாபகம். குளக்கட்டால் இப்போதும் போகலாமா? வாடகைக்குச் சைக்கிள் கிடைக்குமா? பிறகு இரணைமடுவில் இருந்து கனகராயன் ஆறு போகிற வழியைப் பிடித்துச் சுண்டிக்குளம் வரை குறுக்கால் போகலாமா? போன் வரைபடத்தில் ஒற்றையடிப்பாதை தெரிகிறது.


முத்தையன்கட்டு | தை 14, காலை 6:15

மொன்றியல் அண்ணை, கடைசிக் கேள்விக்கு முதலில். குறுக்கால் போக வேண்டாம். போனில் தெரிகிற பாதை எந்த வருடத்துப் பாதை என்று ஒருவருக்கும் தெரியாது. கண்ணிவெடி எடுக்கிற வேலை பல வருடமாக நடக்கிறது. போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம் எவ்வளவு காலம் இழுத்தது என்று தெரியும்தானே. சிவப்புப் பலகை, மண்டையோடு கண்டால் அதற்கு மேல் ஒரு அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லை என்பதற்காகவும் காட்டுக்குள் இறங்கக் கூடாது, ஒன்றுக்குப் போவதற்கும்தான். சனம் தினமும் புழங்குகிற, சில்லுத் தடம் புதிதாக இருக்கிற பாதை மட்டும். மாடு போன தடம் கணக்கில் இல்லை. பிள்ளைகளுக்கு இதை வெளிக்கிட முதலே சொல்லிவையுங்கோ: தரையில் கிடக்கிற இரும்புத் துண்டை எடுக்கக் கூடாது.

ஊர் ரோட்டால் போகச் சுண்டிக்குளத்துக்கு நல்ல வழி இருக்கிறது. அதால் போங்கோ.


பழைய_றலி | தை 14, காலை 8:00

20 பாகைக்குச் சிரிக்கிறவர் மாசியில் வந்து, விடிய ஐந்து மணிக்குக் கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு எழுதட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். பொங்கல் வேலை கிடக்கிறது, பிறகு வருகிறேன். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.


மட்டுறுத்துனர் | தை 14, காலை 10:30

தடை, போர் தொடர்பாக இதன் கீழ் வந்த சில பதில்கள் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே பாதை, சைக்கிள், காலநிலை மட்டும்.


கரடிப்போக்கு | தை 16, இரவு 8:40

பொங்கல் முடிந்து மறுநாள் காலை அக்கா சொன்ன வழியைச் செய்து பார்த்தேன். அலுவல்: முறிகண்டியில் கச்சான் (நிலக்கடலை) வாங்குவது. பெரிய வீதியால் பிள்ளையாரடிக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து மேற்கே அக்கராயன் ரோட்டில் திரும்பினேன். ஏ9ஐ விட்டுத் திரும்பியதும் பஸ் இரைச்சல் போய், செயின் சத்தம் கேட்கத் தொடங்கியது. பாலையும் முதிரையும் இரண்டு பக்கமும், ரோட்டில் வெயில் துண்டு துண்டாக. நிழலுக்குள் போனால் குளிர், வெயிலுக்கு வந்தால் சுகம். அக்கராயனில் ஒரு பிளேன்ரீ, பிறகு வன்னேரிக்குளம். குளத்தில் சங்குவளை நாரைகள் நின்றன. ஒரு ஆள் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு எதிரே வந்தார். கட்டு அவரை விட உயரம். தள்ளிக்கொண்டுதான் வந்தார். "எங்கை போறியள்?" என்றார். "கச்சான் வாங்கப் போனனான்" என்று கச்சான் பொதியைக் காட்டினேன். "முறிகண்டிக்கு மற்றப் பக்கமெல்லே?" என்றார்.

கச்சானைப் பாதி கொடுத்தேன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நின்று சாப்பிட்டோம். அவருடைய சைக்கிளில் பிறேக் இல்லை, பெல் இல்லை, பெடலுக்கு இரண்டு கட்டை. ஆனால் சில்லு துளியும் ஆடவில்லை. கம்பி ஒவ்வொன்றையும் தானே இறுக்குவதாகச் சொன்னார், நகத்தால் தட்டிச் சத்தம் பார்த்து.

மேற்கே போனதால் திரும்பும்போது வாடை நெஞ்சில்தான். றலி ஐயா சொன்னது சரி. ஆனால் கச்சான் முறிகண்டியில்தானே விற்கிறார்கள்.


ஒட்டுக்கடை | தை 16, இரவு 9:10

கம்பியைத் தட்டிப் பார்க்கிற ஆள் வேலை தெரிந்த ஆள். ஒரே சத்தம் வர வேண்டும், அடைத்த சத்தம் வருகிற கம்பி தளர்ந்தது.


அடம்பன்_அக்கா | தை 17, காலை 6:55

மொன்றியல் தம்பியின் வாடகைக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படி வாடகைக் கடை நான் கண்டதில்லை. சொந்தக்காரர் வீட்டில் கேளுங்கள், எல்லா வீட்டிலும் விறாந்தையில் ஒன்று தூசி பிடித்து நிற்கும். வெளிக்கிட முதல் பிறேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காலைப் பனியில் றிம் ஈரமாக இருக்கும்போது பிறேக் உடனே பிடிக்காது. முதல் இறக்கத்துக்கு முன்னம் இரண்டு தரம் பிடித்துப் பிடித்து விட்டால் றிம் காய்ந்துவிடும்.

மாசிக் கடைசியில் வந்தால் இன்னொன்று. அறுவடை தொடங்கியிருக்கும், தார் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஓடாதீர்கள். நெல்லும் நொறுங்கும், சைக்கிளும் வழுக்கும். இறங்கி உருட்டிக்கொண்டு போனால் காவலுக்கு இருக்கிற அம்மா தேத்தண்ணி தருவா.


மொன்றியல்_மல்லாவி | தை 17, மாலை 5:20

எல்லாருக்கும் நன்றி. குறுக்கு வழி எண்ணத்தை விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் மச்சான் ஒரு பழைய றலிச் சைக்கிளும் மகனுக்கு ஒரு மவுண்டன் சைக்கிளும் தருகிறான். ரயிலில் மாங்குளம் கொண்டுவரலாமா?


கியர்_பொடியன் | தை 17, மாலை 6:02

கொண்டுவரலாம். பொதியாகப் பதிந்து கார்ட் பெட்டியில் ஏற்ற வேண்டும். ரயில் வருகிற நேரத்துக்கு ஓடிப் போகாமல் முன்னதாகவே நிலையத்தில் போய்ப் பதியுங்கள். எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்காது, அதையும் அங்கேயே கேளுங்கள். மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்கு நானும் வருகிறேன் அண்ணை, மெதுவாகத்தான்.


பழைய_றலி | தை 17, இரவு 7:45

வவுனிக்குளம் கட்டால் போகலாம். வேகம் வேண்டாம், மாடு குறுக்கே வரும்.


ஒட்டுக்கடை | தை 17, இரவு 8:30

மொன்றியல் அண்ணை, இரண்டு சைக்கிளுக்கும் ஒரே பம்ப் சரிவராது. றலிக்கு வால்வு ரப்பர் போட்ட மெல்லிய வால்வு, மவுண்டன் சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிளின் தடித்த வால்வு. இரண்டுக்கும் பொருந்துகிற வாய் உள்ள பம்ப் கேட்டு வாங்குங்கள். வால்வு ரப்பர் ஒரு முழம் வாங்கிப் பையில் போடுங்கள், பழைய றலிக்கு அதுதான் முதலில் போகும்.